கறுப்பாக இருந்தாலும்...

பெண் பார்த்துவிட்டு வந்தவர்களிடம், "பெண் எப்படி?" என்று உறவினர் கேட்கும்போது நம் ஊர்களில் அடிக்கடி கிடைக்கும் விடை ஒன்று உண்டு: "கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்." சொல்பவர் பாராட்டுவதாகவே எண்ணிச் சொல்கிறார். கேட்பவரும் பாராட்டாகவே ஏற்றுக்கொள்கிறார். பெண்ணைப் பெற்ற தாய்கூட அச்சொல் தம் காதுக்கு எட்டும்போது ஒருவகை ஆறுதல் அடைகிறார். ஆயினும் அத்தொடரின் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஆலும்' என்னும் சிறிய ஈற்றைச் சற்று உற்றுநோக்குதல் நன்று. கறுப்பு ஒரு குறை; அக்குறையைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டோம்; மன்னித்த பின்னும் அவளிடம் ஏதோ சிறிது எஞ்சியிருக்கிறது. இம்மூன்று தீர்ப்புகளும் அவ்வோர் ஈற்றுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. "சிவப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்" என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. சிவப்புக்கு மன்னிப்புத் தேவைப்படுவதில்லை.

இந்த 'ஆலும்' திரைப்படம் தோன்றுவதற்கு முன்பே நம் வீடுகளில் குடியிருந்திருக்கலாம். அதைத் திரைப்படமே கண்டுபிடித்தது என்று கூற நாம் முன்வரவில்லை. எனினும், வீட்டுத் திண்ணையில் முணுமுணுப்பாக இருந்த ஒன்றை, அரங்கில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் சிரிக்கும் சிரிப்பாக மாற்றிய பொறுப்பு திரைக்கும் அதன் உடன்பிறப்பாகிய விளம்பரத்திற்கும் உரியது. அம்மாற்றம் நிகழ்ந்த விதத்தையும், அது நம் பெண்மக்களின் உள்ளத்தில் விட்டுச்செல்லும் வடுவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வார்ப்பு என்னும் தகடு

ஒரு கூட்டத்தாரை ஒரே அச்சில் அடக்கிக் காட்டும் போக்கிற்கு ஆங்கிலத்தில் 'ஸ்டீரியோடைப்' என்று பெயர். அது அச்சகத்தில் பிறந்த சொல். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு பக்கத்தை உருவாக்கிய பின், அப்பக்கம் முழுவதையும் ஒரே தகடாக வார்த்துக்கொள்ளும் முறை 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அச்சகங்களில் உருவாயிற்று. வார்த்த தகடு கையில் இருந்தால் மீண்டும் மீண்டும் எழுத்துக் கோக்கும் உழைப்பு வேண்டியதில்லை. அத்தகட்டின் பெயரை, மனித மனம் தன் உழைப்பைக் குறைத்துக்கொள்ளப் பிறரைப் பற்றி வைத்திருக்கும் ஆயத்தப் படங்களுக்கு உரிய பெயராக 1922இல் வழங்கியவர் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன். நாம் அதனை 'வார்ப்பு' என அழைப்போம்.

தகட்டிற்கு இரு இயல்புகள் உண்டு. அது மலிவானது, ஒருமுறை வார்த்தால் ஆயிரம் படிகள் எடுக்கலாம். இரண்டாவதாக, அதிலிருந்து ஓர் எழுத்தை மட்டும் தனியே எடுத்துத் திருத்த இயலாது. கோத்த எழுத்தில் பிழையிருந்தால் அவ்வெழுத்தை மாற்றலாம். வார்த்த தகட்டில் எல்லாம் ஒன்றோடொன்று உருகிக் கலந்திருக்கும். திரையில் வரும் வார்ப்புப் பாத்திரங்களின் கொடுமையும் இதுவே. அங்கே ஒரு தனிப்பெண் இல்லை. 'கறுப்புப் பெண்' என்ற ஒரு வகை மட்டுமே உண்டு. அவளுக்கு ஒரு விருப்பமோ, ஒரு சினமோ, ஒரு வரலாறோ தர வேண்டிய உழைப்பிலிருந்து கதாசிரியர் விடுதலை பெற்றுவிடுகிறார்.

மாமையும் பசலையும்

கறுப்பை இழிவாகக் காண்பதே தமிழரின் இயல்பு எனச் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். நம் இலக்கியம் அதற்குச் சான்று பகரவில்லை. சங்க அகப்பாடல்களில் தலைவியின் மேனியழகைக் குறிக்கும் சொற்களுள் முதன்மையானது 'மாமை'. அது வெண்மையன்று. மாந்தளிரின் நிறத்தோடு உரையாசிரியர்கள் ஒப்பிட்டு விளக்கும் ஒளிமிக்க மாநிறம் அது. தலைவன் பிரிந்து சென்றபோது அவள் மேனியில் படர்வது 'பசலை'. நிறம் வெளிறிப் பொன்போல் மாறும் நிலை. மாமை கெட்டுப் பசலை பாய்ந்தது என்றால் அழகு அழிந்தது என்பது பொருள். அன்று வெளிறல் துயரத்தின் அடையாளம். இன்றோ அவ்வெளிறலைக் குழாய்களில் அடைத்து விற்கின்றனர், நாமும் விலைகொடுத்து வாங்குகின்றோம்.

தொல்காப்பியம் முல்லை நிலத்திற்கு உரியவனாகக் கூறும் மாயோன் கருநிறத்தவன். நம் இந்துச் சகோதரர் போற்றும் கண்ணனின் வடமொழிப் பெயருக்கே கறுப்பு என்பதுதான் பொருள். கோயிலுக்குள் கார்மேகத்திற்கு ஒப்பிட்டுப் பாடப்பெறும் நிறம், கல்யாணப் பேச்சில் மட்டும் எப்படிக் குறையாயிற்று? பழந்தமிழகத்தில் ஏற்றத்தாழ்வே இருந்ததில்லை என்று நாம் வாதிட வரவில்லை. வெயிலில் உழைப்போரையும் நிழலில் அமர்ந்திருப்போரையும் பிரித்த சமூகத்தில், வெயிலின் நிறம் தாழ்வாகக் கருதப்பட்டதில் வியப்பில்லை. சாதி உணர்வும் வெள்ளையர் ஆட்சியும் அக்கருத்துக்கு உரமிட்டிருக்கலாம். நாம் சொல்ல வருவது ஒன்றே: கறுப்பை அழகின் சொல்லாகவே வழங்கும் ஒரு மொழி நம்மிடம் இருந்தது. அதை நாம் இழந்திருக்கின்றோம். இழந்ததை உணராமலும் இருக்கின்றோம்.

மணமகனைத் தேடிய பாரி மகளிர்

இழப்பின் ஆழத்தை அளக்க ஒரு படம் போதும். 2007இல் ஏவி.எம். நிறுவனத்தின் தயாரிப்பில், சங்கர் இயக்கத்தில், ரஜினிகாந்த் நடித்து வெளிவந்த 'சிவாஜி' தமிழ்நாடு முழுவதும் திருவிழாவாகக் கொண்டாடப்பட்டது. அதன் நகைச்சுவைப் பகுதி ஒன்றில், தந்தை ஒருவர் தம் இரு பெண்களை நாயகனுக்கு முன் நிறுத்துகிறார். ஒப்பனையால் மேலும் கறுப்பாக்கப்பட்ட அப்பெண்களைக் கண்டமாத்திரத்தில் நாயகனும் அவன் மாமனும் அருவருப்புக் காட்டுகின்றனர். அரங்கு அதிரச் சிரிக்கிறது. அப்பெண்களின் பெயர்கள் அங்கவை, சங்கவை.

பெயர்களைக் கவனிக்க வேண்டும். பறம்புமலையை ஆண்ட வேள் பாரிக்கு இரு மகளிர் இருந்தனர். மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்ற பின், தந்தையையும் குன்றையும் இழந்த அம்மகளிர் பாடியதாக உள்ளது புறநானூற்றின் 112ஆம் பாடல். சில அடிகளே கொண்ட அப்பாடலைத் தமிழின் தலைசிறந்த கையறுநிலைப் பாடல்களுள் ஒன்றாக அறிஞர் மதிப்பர். அவர்களுக்கு அங்கவை, சங்கவை எனப் பெயர் வழங்கியது பிற்கால மரபு. பாரியின் நண்பராகிய கபிலர், அனாதைகளான அவ்விரு பெண்களையும் அழைத்துக்கொண்டு விச்சிக்கோன், இருங்கோவேள் ஆகிய குறுநில மன்னரிடம் சென்று மணந்துகொள்ளுமாறு வேண்டினார். அவர்கள் ஏற்கவில்லை. இருங்கோவேள் மறுத்தபோது கபிலர் கொண்ட சினமும் புறநானூற்றிலேயே பதிவாகியுள்ளது.

ஆக, மணமகன் தேடி அழைத்துச் செல்லப்பட்டு, மறுக்கப்பட்ட இரு பெண்களின் கதை நம்மிடம் ஏற்கெனவே உண்டு. பழைய கதையில் மறுத்தவன் பழிக்கப்பட்டான். புதிய கதையில் மறுக்கப்பட்டவர்கள் நகைக்கப்பட்டனர். அறியாமையால் நேர்ந்த பிழை இது என்று சொல்லவும் வழியில்லை. படத்திற்கு உரையாடல் எழுதிய சுஜாதா, புறநானூற்றுக்கு எளிய அறிமுகநூல் எழுதியவர். தந்தை வேடமேற்ற சாலமன் பாப்பையா அவர்கள் மதுரையில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். தமிழை நன்கறிந்தோர் பலர் கூடியிருந்த இடத்தில்தான் இது நிகழ்ந்தது. வார்ப்பின் வலிமை அத்தகையது. கற்றவர் கையையும் அது தன் போக்கில் இழுத்துச் செல்லும்.

அப்படத்திலேயே மற்றொரு செய்தியும் உண்டு. நாயகன் தேடுவது தமிழ்ப் பண்பாடு நிறைந்த பெண்ணை. அவளுக்குப் பெயரும் தமிழ்ச்செல்வி. அப்பாத்திரத்தை ஏற்றவரோ வட இந்தியாவிலிருந்து வந்த வெண்ணிற நடிகை. அவருக்குத் தமிழ் பேசிய குரல் வேறொருவருடையது. தமிழ்ப் பண்பாட்டுக்கு இலக்கணமாகக் காட்டப்படுபவர் தமிழ்நாட்டு நிறத்தில் இல்லை; தமிழ்நாட்டு நிறத்தில் இருக்கும் இருவரோ கேலிக்கு உரியவர்கள். மேலும், தன் நிறத்தைக் குறித்த பேச்சு எழுந்ததும் நாயகனே சிவப்பாவதற்குப் பலவித முயற்சிகள் செய்கிறான். ஒரு பாடல் முழுவதிலும் கணினியின் உதவியால் வெள்ளைக்காரரைப் போன்ற தோலுடன் தோன்றுகிறான். தமிழ்த்திரை கண்ட மாபெரும் நட்சத்திரம், தன் கறுப்பு நிறத்தோடே அப்புகழை எய்தியவர், வெள்ளைத் தோலில் ஆடுவதைக் கண்டு மக்கள் கைதட்டினர். அது வேடிக்கைதான் என்பர். வேடிக்கையாகவே இருக்கட்டும். எந்தத் திசையில் மாறுவதை நாம் வேடிக்கை என்கின்றோம், எந்த நிறத்தை அருவருப்பு என்கின்றோம் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி

"தமிழ்த்திரை கறுப்பு நாயகர்களைக் கொண்டாடவில்லையா?" என்று வாசகர் கேட்கலாம். கொண்டாடியது, உண்மை. ரஜினிகாந்த், விஜயகாந்த், முரளி, தனுஷ் என அவ்வரிசை நீளும். ஆணின் கறுப்பு அங்கே உழைப்பின், வீரத்தின், மண்ணின் அடையாளம் ஆகிறது. 2000இல் சேரன் இயக்கிய 'வெற்றிக் கொடி கட்டு' படத்தில் கறுப்பைப் புகழும் பாடல் ஒன்று பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. ஆனால் அதில் புகழப்படுவது ஆணின் கறுப்பு, புகழ்பவளோ வெண்ணிறத்தவள். அவ்வாறே ஒரு வெண்ணிற நாயகன் கறுப்பு நிறப் பெண்ணைப் புகழ்ந்து ஆடிப்பாடும் பாடல் ஒன்று அதே அளவில் பரவியதாக நம் நினைவுக்கு எட்டவில்லை.

பெண்ணுக்கும் அந்த வாயில் ஒருகாலத்தில் சற்றே திறந்திருந்தது. 1970களின் இறுதியிலும் 80களிலும் சரிதா, ஷோபா, அர்ச்சனா போன்ற மாநிற நடிகையர் நம் திரையில் வாழ்ந்து காட்டினர். பாலசந்தரின் 'தண்ணீர் தண்ணீர்' (1981) படத்தில் குடத்துடன் நடந்த சரிதாவையும், 'பசி' (1979) படத்திற்காகத் தேசிய விருது பெற்ற ஷோபாவையும், பாலு மகேந்திராவின் 'வீடு' படத்திற்காக அதே விருதைப் பெற்ற அர்ச்சனாவையும் நாம் மறந்திருக்க முடியாது. 'வீடு' படத்தில் அர்ச்சனா ஏற்ற பாத்திரம் நடுத்தரக் குடும்பத்துப் பெண். அலுவலகம் செல்கிறாள், கடன் வாங்குகிறாள், சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் அலைகிறாள். அவள் நிறத்தைப் பற்றிய பேச்சுக்கு அக்கதையில் இடமே இல்லை. அதுதான் அப்படத்தின் உயர்வு. கறுப்பைப் புகழவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. ஒரு மனுஷியைக் காட்டியது.

பின்னர் அவ்வாயில் மெல்லச் சாத்தப்பட்டது. பிற மாநிலங்களிலிருந்து சிவந்த நிற நாயகியர் வந்தனர். அவர்கள்மீது நமக்கு எக்குறையும் இல்லை. உழைத்துப் பிழைக்க வந்தவர்கள் அவர்கள். ஆனால் ஒரு செய்தி நெஞ்சை உறுத்துகிறது. சரிதா பிற்காலத்தில் அத்தகைய நாயகியர் பலருக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். அவருடைய குரல் தேவைப்பட்டது. அக்குரலுக்குரிய முகம் தேவைப்படவில்லை. கறுப்புப் பெண்ணின் உணர்ச்சியும் தமிழும் வேண்டும், தோல் மட்டும் வேண்டாம் என்பதைவிடத் தெளிவாக ஒரு கலையுலகம் தன் மனத்தை வெளிப்படுத்த இயலாது.

ஏழைப் பெண்ணின் கதை எடுக்கப்படும்போது கறுப்பு மீண்டும் வருகிறது. ஆனால் ஒப்பனைப் பெட்டியிலிருந்து வருகிறது. 2013இல் வெளிவந்த பாலாவின் 'பரதேசி', தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளரின் துயரத்தை உருக்கமாகக் காட்டிய படம். அதிலும் சிவந்த நிற நடிகைக்குக் கறுப்புப் பூசப்பட்டது. படைப்பாளியின் நோக்கம் நன்றாகவே இருந்திருக்கலாம். எனினும், கறுப்பு என்பது வறுமையின் உடை, படப்பிடிப்பு முடிந்ததும் கழுவிவிடலாம் என்ற பொருள் அதில் வந்து சேர்கிறது. அந்நிறத்தோடு பிறந்த நடிகைக்கு அவ்வேடமும் கிட்டவில்லை.

குழாயில் அடைத்த தீர்ப்பு

திரை சிரித்துக் காட்டியதை விளம்பரம் அறிவுரையாகச் சொன்னது. 'பேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பை இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1975இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விளம்பரக் கதை ஏறத்தாழ எப்போதும் ஒன்றே: கறுப்பு நிறப் பெண் வேலைக்கோ மணத்திற்கோ புறக்கணிக்கப்படுகிறாள், களிம்பைப் பூசுகிறாள், வெளுக்கிறாள், வாழ்வு மலர்கிறது. மகன் இல்லையே என்று தந்தை வருந்த, மகள் களிம்பு பூசி விமானப் பணிப்பெண் வேலை பெற்றுத் தந்தைக்குப் பெருமை சேர்ப்பதாக ஒரு விளம்பரம் வந்தது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தேசிய மனித உரிமை ஆணையம் வரை முறையிட்டுப் போராடியது. 2003இல் அவ்விளம்பரம் நிறுத்தப்பட்டது. அடுத்து 2005இல் ஆண்களுக்கான களிம்பும் சந்தைக்கு வந்தது. வணிகத்திற்குப் பாகுபாடு இல்லை.

விளம்பரம் செய்த மாற்றத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். பாட்டியின் 'கறுப்பாக இருந்தாலும்' என்ற சொல்லில் ஒருவகை இரக்கமேனும் இருந்தது. நிறம் பிறப்பால் வந்தது, அதற்கு அவள் என்ன செய்வாள் என்ற எண்ணம் அதில் இருந்தது. 'இத்தனை வாரங்களில் சிவப்பழகு' என்ற விளம்பரமோ அந்த இரக்கத்தையும் பறித்துக்கொண்டது. இனிக் கறுப்பாக இருப்பது விதியன்று, அசட்டை. கைக்கெட்டும் விலையில் மருந்திருக்கப் பூசாமல் இருந்தது அவள் குற்றம். குறை என்று தீர்ப்பிட்ட உலகம், இப்போது குற்றம் என்றும் தீர்ப்பிடுகிறது.

எதிர்ப்புக் குரல்கள் வீண்போகவில்லை. சென்னையில் 'விமன் ஆப் வொர்த்' என்னும் பெண்கள் அமைப்பு, கறுப்பும் அழகே என்ற பரப்புரையை 2009இல் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் 2013இல் அதற்குத் தம் முகத்தையும் குரலையும் அளித்தார். கறுப்பு நிறத்தோரை வாழ்வில் தோற்றவராகக் காட்டலாகாது என இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் விதி வகுத்தது. 2020 ஜூன் மாதத்தில் பெயர்பெற்ற திருமண இணையதளம் ஒன்று, மணமக்களைத் தோல் நிறப்படி பிரித்துத் தேடும் வசதியை நீக்கியது. அதே ஆண்டு ஜூலையில் 'பேர் அண்ட் லவ்லி'யின் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' என மாறியது. 'சிவப்பு' போய் 'பொலிவு' வந்தது. பெயர் மாற்றம் சிறிதன்று, நாம் வரவேற்கின்றோம். ஆயினும் வார்த்த தகடு நம் மனத்தில் இருக்கும்வரை எப்பெயரை இட்டாலும் வாங்குபவர் பழைய பொருளையே படித்துக்கொள்வர்.

உடலுக்கும் தீங்கு இல்லாமல் இல்லை. வெளுக்கச் செய்வதாகக் கூறி விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் சேர்க்கப்படுகிறது. அது தோல் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயால் வந்த 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அந்நோயின் அரிதான ஒரு பிரிவு காணப்பட்டது. அப்பதினைந்து பேரில் 13 பேர் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். நாம் முன்னர்க் கூறிய நிறுவனத்தின் பண்டத்தைப் பற்றியதன்று இச்செய்தி. எனினும் ஒரு கேலிச் சிரிப்பிலிருந்து புறப்படும் பாதை எங்கே சென்று முடியக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வடு

மருத்துவரால் அளக்க முடியாத தீங்கும் உண்டு. பங்குத்தளங்களில் பணியாற்றுவோர் அதை அன்றாடம் காண்கின்றோம். திருமண ஓலை எழுத வரும் குடும்பங்களின் பேச்சில், கறுப்பு நிறப் பெண்ணுக்கு நகை கூடுதலாகக் கேட்கப்பட்ட செய்தி தலைகுனிவோடு வெளிவருகிறது. நிறமும் ஒரு சீர்வரிசைக் கணக்காகிவிட்டது. மணமகள் தேவை விளம்பரங்களில் மறையும் சபையும் படிப்பும் எழுதிய பின், 'சிவந்த நிறம்' என்றும் சேர்க்கின்றோம். கைப்பேசியில் எடுத்த படத்தை, அக்கருவியே வெளுக்கச் செய்து தருகிறது. அதையே பெண் வீட்டார் அனுப்புகின்றனர். நேரில் பார்க்க வந்தவர் முகம் மாறுகிறது. அம்முக மாற்றத்தைக் கண்ட பெண் அதை நெடுநாள் மறப்பதில்லை.

பள்ளிப் பிள்ளைகளிடம் இது இன்னும் முன்பே தொடங்குகிறது. திரையில் கேட்ட கேலிப் பெயர்கள் மறுநாளே வகுப்பறைக்கு வந்துவிடும். 'சிவாஜி' வந்த காலத்தில் அங்கவை, சங்கவை என்பவை பாரி மகளிரின் பெயர்களாகவா நம் பிள்ளைகளின் வாயில் ஒலித்திருக்கும்? கிறிஸ்து பிறப்பு விழா நாடகத்தில் மரியன்னையாகத் தேர்ந்தெடுக்கப்படும் சிறுமி யார், அலகையாகவோ ஏரோதின் படைவீரனாகவோ நிறுத்தப்படும் பிள்ளை யார் என்று உற்றுநோக்கினால், திரை நம் ஆலய மேடை வரை வந்துவிட்டதை உணரலாம். பின்வரிசையில் நிற்க வைக்கப்பட்ட சிறுமி ஏன் என்று கேட்பதில்லை. கேட்காமலே விடையை அறிந்துகொள்கிறாள். பிறகு அவள் கையுயர்த்துவதையும் நிறுத்திவிடுகிறாள். வார்ப்பின் மிகப்பெரிய வெற்றி, தான் வார்க்கப்பட்டவரையே தன் தீர்ப்பை ஒப்புக்கொள்ளச் செய்வதுதான்.

"இது வெறும் நகைச்சுவை, இதற்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்பார் உண்டு. நகைச்சுவை என்பதாலேயே ஆராய வேண்டியிருக்கிறது. ஒரு கருத்தை உரையாகச் சொன்னால் அறிவு விழித்தெழுந்து எதிர்வாதம் செய்யும். சிரிப்பாகச் சொன்னால், அறிவு விழிக்குமுன் உடல் அதற்கு உடன்பட்டுவிடும். அரங்கில் சிரித்தவர்களுள் பெரும்பாலோர் கறுப்பு நிறத்தவரே என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தம் மகளின் முகத்தைப் பார்த்தே அவர்கள் சிரித்தனர். இருட்டில் அது தெரியவில்லை.

"சமூகத்தில் இருப்பதைத்தானே திரை காட்டுகிறது?" என்பது மற்றொரு வாதம். அவ்வாறாயின் திரை மாறவே முடியாது என்றாகிவிடும். ஆனால் மாறியது. 'சிவாஜி' வந்த 11 ஆண்டுகளுக்குப் பின், 2018இல், பா. இரஞ்சித் இயக்கத்தில் அதே ரஜினிகாந்த் 'காலா' படத்தில் நடித்தார். மும்பையின் தாராவியில் வாழும் உழைப்பாளரின் நிறமாக அங்கே கறுப்பு நிமிர்ந்து நின்றது. தூய்மையின் பெயரால் அவர்களை அகற்ற வருபவன் வெள்ளுடையில் வந்தான். நிறங்களை இப்படித் தலைகீழாக்குவதும் ஒரு புதிய வார்ப்பாக முடியலாம் என்ற ஐயம் நமக்கு உண்டு. அதனால் அப்படத்தில் நம்மைக் கவர்ந்தது முழக்கங்களைவிட, ஈஸ்வரி ராவ் ஏற்ற செல்வி என்னும் மனைவிப் பாத்திரமே. அவள் கடிந்துகொள்கிறாள், பொறாமைப்படுகிறாள், ஊடுகிறாள், சிரிக்கிறாள். 'இருந்தாலும்' என்ற சொல்லுக்கு அவளிடம் வேலையில்லை. 'வீடு' படத்தில் கண்ட அதே உயர்வு இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது.

'ஆயினும்' அன்று, 'உம்'

விவிலியத்தில் 'இனிமைமிகு பாடல்' நூலின் முதல் அதிகாரத்தில் ஒரு பெண் பேசுகிறாள். வெயில் அவளைக் காய்ச்சியது. உடன்பிறந்தோர் அவளைத் திராட்சைத் தோட்டத்துக் காவலுக்கு அனுப்பியதே அதற்குக் காரணம். தன் கறுப்பையும் தன் அழகையும் அவள் ஒரே தொடரில் எருசலேம் மங்கையரிடம் எடுத்துரைக்கிறாள். இவ்விரண்டையும் எபிரேய மூலத்தில் இணைப்பது ஒரே ஓர் எழுத்து. அதற்கு 'உம்' என்றும் பொருள் கொள்ளலாம், 'ஆயினும்' என்றும் பொருள் கொள்ளலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'உம்' என்றே கொண்டது. இலத்தீன் மொழிபெயர்ப்போ 'ஆயினும்' என்றது. தமிழில் நாம் படித்துப் பழகிய மொழிபெயர்ப்புகளும் 'ஆயினும்' என்பதன் வழியிலேயே சென்றன. 1989இல் வெளிவந்த திருந்திய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று மீண்டும் 'உம்' என்பதற்குத் திரும்பியது. இரு பொருளுக்கும் இடம் உண்டு என்பதே அறிஞர் கருத்து. ஆயின் மூலம் இடம் தந்திருக்கும்போது, எத்தனையோ தலைமுறையினர் ஏன் 'ஆயினும்' என்பதையே தேர்ந்தனர்? மொழிபெயர்த்தோரின் உள்ளத்திலும் அந்தத் தகடு வார்க்கப்பட்டிருந்தது போலும்.

தோட்டத்தில் உழைத்ததால் கறுத்த அப்பெண் நமக்கு அந்நியள் அல்லள். நடவு வயலிலும் உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் கட்டடச் சாரத்திலும் அவளை நாம் அன்றாடம் காண்கின்றோம். அவள் தன் அழகுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை என்று படிக்க மொழி இடம் தருகிறது. கறுப்பும் அழகும் அவளிடம் உண்டு. ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று, ஒன்றை மற்றொன்று ஈடுசெய்யவும் தேவையில்லை.

திரையுலகைத் திருத்துவது நம் கையில் இல்லை. நம் நாவைத் திருத்துவது நம் கையில் உண்டு. அடுத்த முறை மணமகள் தேவை விளம்பரம் எழுதும்போது நிறத்தைக் குறிக்கும் சொல்லை விட்டுவிடலாம். வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்து, கறுப்புப் பெண்ணைக் கேலி செய்யும் காட்சி வரும்போது, நம் மகள் நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதை நினைவிற்கொண்டு சிரிக்காமல் இருக்கலாம். பெண் எப்படி என்று கேட்போரிடம், "கறுப்பும் களையுமாக இருக்கிறாள்" என்று விடை சொல்லிப் பழகலாம். வரும் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு நாடகம் பழக்கும் ஆசிரியைகள், பின்வரிசையில் நிற்கும் அச்சிறுமியை அழைத்து, நீலத் துகிலை அவள் தலையில் போட்டுப் பார்க்கட்டும்.